வரிசையில் ஒரு நாற்காலி

காலை மணி பத்து. கோலார் தங்கவயல். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வங்கி. வங்கி வாசலில் நீண்ட வரிசை.

வரிசையின் நடுவில் ஒரு பெரியவர் நிற்கிறார். வயது 72. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 25 ஆண்டுகள் வேலை செய்தவர். ஒரு நாள் சுரங்கத்தின் உள்ளே பாறை சரிந்தது. அவருடைய முழங்கால் நசுங்கியது. அன்று முதல் அந்தக் கால் சரியாக மடங்காது. மெல்ல நடப்பார். ஆனால் நீண்ட நேரம் நிற்க முடியாது.

அரை மணி நேரம் ஆனது. கால் நடுங்கியது. பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கூட வந்த பேத்தி பயந்துவிட்டாள்.

"தாத்தா, முன்னால போய்க் கேட்கலாமா?"

"வேணாம்மா. எல்லோரும்தானே நிக்கிறாங்க? நான் மட்டும் எப்படி முன்னால போறது? அது நியாயமா?"

இன்னும் சிறிது நேரம் பார்த்தார். முடியவில்லை. பணம் எடுக்காமலேயே வீடு திரும்பினார். அடுத்த மாதம் அவர் வங்கிக்குப் போகவே இல்லை. ஓய்வூதியம் வங்கியிலேயே கிடந்தது. வீட்டில் மருந்து வாங்கப் பணம் இல்லை.

இது கதைதான். ஆனால் இந்தப் பெரியவரைப் போன்றவர்கள் நம் தெருவிலும் இருக்கலாம். அவருடைய கேள்விக்கு என்ன பதில்?

கேஜுக்கு நின்ற வரிசை

அன்று மாலை பெரியவரைப் பார்க்க அவருடைய பழைய நண்பர் வந்தார். அவரும் சுரங்கத் தொழிலாளிதான். நடந்ததைக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஏம்பா, ஷிஃப்ட் முடிஞ்சா நாம என்ன செய்வோம்? கேஜுக்கு வரிசையில நிப்போம், இல்லையா?"

"ஆமாம்."

"அடிபட்ட ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தா?"

"வழி விடுவோம். முதல் கேஜ் அவருக்குத்தான்."

"என் முறையைப் பறிச்சிட்டார்னு யாராவது சண்டை போட்டோமா?"

பெரியவர் யோசித்தார். பிறகு சிரித்தார்.

"அப்போ அதுதானே நியாயம்? மேலே வந்த பிறகு அந்த நியாயம் மாறிப் போச்சா?"

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. கேஜ் நின்றுவிட்டது. ஆனால் அந்த நியாயம் இன்றும் நமக்குத் தேவை.

காத்திருப்பது வேறு, நிற்பது வேறு

வரிசை நல்லது. முதலில் வந்தவருக்கு முதலில் கிடைக்கும். ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இல்லை. எனவே வரிசையை மதிக்க வேண்டும்.

ஆனால் வரிசையில் நாம் இரண்டு வேலைகள் செய்கிறோம். ஒன்று, நம் முறை வரும்வரை காத்திருக்கிறோம். இரண்டு, அதுவரை நிற்கிறோம். காத்திருப்பது எல்லோருக்கும் பொது. நிற்பது எல்லோராலும் முடியாது.

கால் ஊனமுற்றவருக்கு நிற்பது வேதனை. பார்வை இல்லாதவருக்கு வரிசை நகர்ந்தது தெரியாது. காது கேளாதவருக்குத் தம் பெயரைக் கூப்பிட்டது கேட்காது. ஆட்டிசம் உள்ள குழந்தையால் கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாமல் போகலாம்.

சிலருடைய துன்பம் வெளியே தெரியாது. சுரங்கத்தில் பாறையைத் துளைத்தபோது எழுந்த தூசி தொழிலாளர்களின் நுரையீரலில் படிந்தது. இதனால் வரும் நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். இந்த நோய் உள்ளவருக்குக் கை, கால் நன்றாக இருக்கும். ஆனால் மூச்சு வாங்கும். "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்!" என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு முன் இருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. மாற்றுத் திறனாளி மற்றவர்களுக்குச் சமமாக வாழ, அவருக்குத் தேவையான தகுந்த வசதியைச் செய்து தர வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் முக்கியக் கருத்து. ஒரு நாற்காலி கொடுப்பதும் அப்படிப்பட்ட வசதிதான்.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் ஓர் உத்தரவு போட்டது. மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தனிக் கவுண்டர் இருக்க வேண்டும். அல்லது ஒரு கவுண்டரில் அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் தருவது போன்ற சேவைகளையும் செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் இருக்கலாம். முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மருத்துவமனைக்கும் சட்டம் உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007-ல் வந்தது. அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று அது சொல்கிறது. 60 வயது நிரம்பிய எல்லோரும் மூத்த குடிமக்களே.

வாக்குச் சாவடியிலும் மாற்றுத் திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. பார்வை இல்லாதவர் ஒரு துணையை அழைத்துச் செல்லலாம். துணைக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில், 85 வயதைத் தாண்டியவர்களும் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளவர்களும் முன்பே விண்ணப்பித்து வீட்டிலிருந்தே வாக்களித்தார்கள்.

ஆகவே இவை யாரோ இரக்கப்பட்டுத் தரும் தர்மம் அல்ல. இவை உரிமைகள்.

ராட்டினம் சொல்லும் பாடம்

"வசதி கொடுத்தால் சிலர் ஏமாற்ற மாட்டார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு வெளிநாட்டு அனுபவம் ஒன்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தின் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் உள்ளன. நம் ஊர்த் திருவிழா ராட்டினம் போல அங்கே பல வகை ராட்டினங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நீண்ட வரிசை. முன்பு அங்கே மாற்றுத் திறனாளிகளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அதைக் காட்டினால் பல ராட்டினங்களில் சீக்கிரம் ஏறலாம். சில பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத் திறனாளி ஒருவரைக் கூலிக்குக் கூட்டிச் சென்று வரிசையைத் தாண்டியதாக 2013-ல் செய்தி வந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் முறை மாறியது. வரிசையில் 40 நிமிடம் ஆகும் என்றால், ஏறக்குறைய 40 நிமிடம் கழித்து வரும்படி நேரம் குறித்துக் கொடுத்தார்கள். அதுவரை நிழலில் உட்காரலாம். சாப்பிடலாம். கழிப்பறைக்குப் போய் வரலாம். காத்திருப்பது எல்லோருக்கும் சமம். நிற்கும் வேதனை மட்டும் இல்லை.

2024-ல் விதி இன்னும் கடுமையானது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே முக்கியமாக இந்த வசதி என்று ஆனது. வேறு குறைபாடு உள்ள பலர் இதனால் மனம் வருந்தினார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஒருவர் ஏமாற்றினால் உண்மையில் துன்பப்படுகிறவர் மேல் சந்தேகம் விழுகிறது. நம் நாட்டில் மாற்றுத் திறனாளி என்று பொய் சொல்லிச் சலுகை பெறுவது குற்றம். 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். இரண்டாவது பாடம் எளியது. ஒரு டோக்கனும் ஒரு நாற்காலியும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அடையாள அட்டை

உண்மையான குறைபாட்டுக்குச் சான்று வேண்டும். அதற்காக மத்திய அரசு தனி அடையாள அட்டை தருகிறது. இதை யு.டி.ஐ.டி. அட்டை என்பார்கள். இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரும் புகைப்படமும் தேவை. பிறகு அரசு மருத்துவர்கள் சோதித்துப் பார்த்துக் குறைபாட்டின் அளவைக் குறிப்பார்கள். இணையம் தெரியாதவர்கள் படித்த பிள்ளைகளின் உதவியைக் கேட்கலாம்.

மீண்டும் வங்கியில்

பேத்தி விண்ணப்பம் போட்டாள். நண்பர் துணைக்குப் போனார். பெரியவருக்கு அட்டை கிடைத்தது.

மறுபடியும் வங்கி. அதே வரிசை. பேத்தி உள்ளே போய் மேலாளரிடம் பேசினாள். அவர் ஒரு டோக்கன் கொடுத்தார். நாற்காலி ஒன்றும் போடச் சொன்னார்.

வரிசையில் நின்ற ஓர் இளைஞர் முணுமுணுத்தார். "நாங்களும்தான் காலையிலேர்ந்து நிக்கிறோம்."

பெரியவர் கோபப்படவில்லை. "தம்பி, நானும் உங்களோட காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என் கால் மட்டும் உட்கார்ந்திருக்கு" என்றார்.

இளைஞர் அவருடைய காலைப் பார்த்தார். "உட்காருங்க தாத்தா. உங்க நம்பர் வந்ததும் நானே சொல்றேன்" என்றார்.

அன்று பெரியவர் ஓய்வூதியத்தை வாங்கினார். வரும் வழியில் மருந்தும் வாங்கினார்.

கூடிப் பேசுவோம்

1. பெரியவர் முதலில் ஏன் முன்னால் போக மறுத்தார்?
2. காத்திருப்பதற்கும் நிற்பதற்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் ஊர் நியாய விலைக் கடையில் நிற்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்?
4. அங்கே ஒரு நாற்காலி போட யாரிடம் கேட்க வேண்டும்? எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள்.

சொல்லும் பொருளும்

கேஜ் – சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு
முன்னுரிமை – மற்றவர்களுக்கு முன்பாகப் பெறும் உரிமை
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு