ஆலயமும் அருங்காட்சியகமும்: போடி மலைச்சரிவின் வரலாற்றுச் சான்றுகளைப் பேணுதல்

முன்னுரை

வழிபாட்டிடம் அருங்காட்சியகமாகும்போது கட்டடத்தின் பயன் மட்டுமன்றி, அங்குள்ள பொருள்கள் உணர்த்துவதும் மாறுகிறது. கோவாவில் நிகழ்ந்த அத்தகைய மாற்றத்தை ஒப்புநோக்கி, போடிநாயக்கனூர் முதல் மூணாறு வரையிலான மலைச்சரிவின் வரலாற்றுச் சான்றுகளைப் பேணும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோவா காட்டும் வழி

பழைய கோவாவின் புனித மோனிக்கா கன்னியர் மடம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1994இல் ராச்சோல் குருமடத்தில் தொடங்கப்பட்ட கிறித்தவக் கலை அருங்காட்சியகம் 2002இல் இம்மடத்து ஆலயத்திற்கு இடம்பெயர்ந்தது. தந்தச் சிற்பங்களும் வெள்ளிக் கலங்களும் வழிபாட்டு உடைகளும் அங்குக் காட்சிக்கு உள்ளன. பீடத்தில் இருந்தபோது இறைமையை உணர்த்திய சிற்பம், காட்சிப்பேழையில் அதைச் செதுக்கிய இந்தியக் கைவினைஞரின் திறனுக்குச் சான்றாகிறது. எனவே, இடமாற்றம் மறைந்திருந்த உழைப்பை வெளிப்படுத்தவும் வல்லது.

மூணாற்று ஆலயம்

மூணாற்றுக் கிறிஸ்து ஆலயம் 1910-11இல் கட்டப்பட்டது; இன்றும் வழிபாடு நடைபெறுவது. அதன் உட்சுவரில் தேயிலைத் தோட்டத் துரைமாரை நினைவுகூரும் பித்தளைப் பலகைகள் உள்ளன. அருகிலுள்ள குன்றில், 1894இல் மறைந்த எலினார் இசபெல் மே என்பாரின் கல்லறை ஆலயத்தினும் பழைமையானது.

காட்டைத் தோட்டமாக்கிய உழைப்பில் தமிழ்த் தொழிலாளர் பங்கு பெரிது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள் போடி வழியே வெளியூர் சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையை அழித்தது. சுவர்ப் பலகைகளை மட்டும் சான்றாகக் கொண்டால், இவ்வழியில் சுமந்தோரும் நடந்தோரும் வரலாற்றில் இடம்பெறார்.

பதிவேடும் வழக்குச்சொல்லும்

பலகை சிலரைத் தெரிந்தெடுத்துப் போற்றுவது. ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளோ சபையார் அனைவருக்கும் உரியவை. ஆகவே, மலைத்தோட்டத் திருச்சபைகளின் பதிவேடுகளில் தொழிலாளர் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றைத் தேடுதல் முதற்பணியாகும். பிற சமயத்தார் அவற்றில் இடம்பெறாமையால், வாய்மொழி வரலாறும் உடன் தேவை. கங்காணி, லயம், கவாத்து, கொழுந்து முதலிய தோட்ட வழக்குகள் பணியமைப்பையும் குடியிருப்பையும் ஒருங்கே பதிவுசெய்பவை.

முடிவுரை

வழிபடுவோர் உள்ள ஆலயத்தை அருங்காட்சியகமாக்க வேண்டுவதில்லை. ஏலக்காய் ஏலம் நடைபெறும் போடியிலேயே வட்டாரக் காட்சியகம் ஒன்று அமைதல் தகும். அங்குப் பித்தளைப் பலகையின் நிழற்படத்திற்கு அருகே பதிவேட்டின் படியும் தொழிலாளரின் குரற்பதிவும் வைக்கப்பட்டால், மலைச்சரிவின் வரலாறு இருதரப்பாரையும் உள்ளடக்கியதாக அமையும்.