கரையான்சாவடியிலிருந்து லே: வண்டியும் சுமையும்

சென்னையில் பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியிலிருந்து மணாலி வழியாக லேவுக்கு ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். மணாலி வரை மெக்கானிக்குக்கோ டயர் கடைக்கோ மருந்துக் கடைக்கோ பஞ்சமில்லை. அதற்கு அப்புறம் வரும் 430 கிலோமீட்டரில்தான் கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். எதை ஏற்றுவது, எதை விடுவது என்பதை அந்த 430 கிலோமீட்டரை மனதில் வைத்து முடிவு செய்ய வேண்டும். கம்பளி, ஜாக்கெட், பிஸ்கட் பெட்டி, தண்ணீர் கேஸ் என்று பூந்தமல்லியிலேயே டிக்கியை அடைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நாக்பூர் வெயிலில் அவற்றை வீணாகச் சுமக்கிறார்கள். குளிர் உடை சண்டிகரில் இங்கே இருப்பதைவிட நல்லதாகவே கிடைக்கும்.

சுமைக்கு ஒரு கணக்கு உண்டு. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையிலிருந்து ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய அளவு. சிறிய கார்களில் இது பெரும்பாலும் 400 கிலோவை ஒட்டியே இருக்கும். நான்கு பேர் உட்கார்ந்ததும் 280 கிலோ போய்விடும். பாக்கி நூற்றிச்சொச்சத்தில்தான் பைகள், கருவிகள், தண்ணீர், கேரியர் எல்லாம் அடங்க வேண்டும். மணாலி–லே சாலையின் உச்சமான தங்லங் லா கணவாய் 5,328 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும். சமவெளியில் தெரியாத முப்பது கிலோ அங்கே நன்றாகத் தெரியும்.

சர்வீஸைப் புறப்படுவதற்கு முந்தின நாள் செய்வது சரியான பழக்கமல்ல. புதிதாக மாற்றிய பாகத்தில் குறை இருந்தால் அது முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் தலைகாட்டும். மூன்று வாரம் முன்பே சர்வீஸை முடித்துவிட்டு, போகப்போகிற அத்தனை பேரையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை ஏலகிரி போய்வருவது நல்ல சோதனை. அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கிளட்சும் ரேடியேட்டரும், இறங்கும்போது பிரேக்கும் தம் நிலையைச் சொல்லிவிடும். எந்தப் பை சரிகிறது, எந்த டப்பா கடகடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சென்னை வண்டிகளில் தனியாகப் பார்க்க வேண்டியது கூலன்ட். இங்கே குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றி ஒப்பேற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே போகும் இரவில் அந்தத் தண்ணீர் பனிக்கட்டியானால் ரேடியேட்டரில் விரிசல் விழும், மோசமானால் எஞ்சின் பிளாக்கே விரியும். பழையதை முழுக்க இறக்கிவிட்டு, கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. பேட்டரி மூன்று வயதைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுவதே மேல். சென்னைச் சூட்டில் நொந்துபோன பேட்டரியின் உண்மை நிலை குளிரான காலையில்தான் வெளிப்படும்.

டயர் காற்று விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் அதிகமாகக் காட்டும். கூடவே குளிர் அதைக் கீழே இழுக்கும். சென்னையின் 35 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. அடித்த டயர், 5 டிகிரியில் இருக்கும் கணவாயில் 35-ஐ ஒட்டிக் காட்டும். சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், திரும்பி வரும்போது குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஓட வேண்டிவரும்.

அடுக்கும் முறையில் முக்கியமானது ஸ்டெப்னி. பல கார்களில் அது டிக்கித் தரைக்குக் கீழே இருக்கிறது. மழையில் பஞ்சரானால் மொத்தச் சாமானையும் சாலையோரச் சேற்றில் இறக்கினால்தான் கை எட்டும். பஞ்சர் கிட், காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், ஜாக்கி, வீல் ஸ்பேனர், டார்ச் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு டிக்கிக் கதவை ஒட்டி வைத்தால் பெரும்பாலான பஞ்சர்களுக்கு ஸ்டெப்னியைத் தொடவே வேண்டியிருக்காது. மேலே மடித்து வைத்த தார்ப்பாய் சாமானை இறக்கி வைக்கவும் உதவும். கனமானவை தாழ்வாக, பின் சீட்டை ஒட்டி இருக்கட்டும். சூட்கேஸைவிடத் துணிப்பை நல்லது, எந்தச் சந்திலும் அடங்கும்.

இந்தக் கலையில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாதக்கணக்கில் வடமாநிலங்களில் போர் போடப் போகிறவர்கள் அவர்கள். கூடவே போகும் லாரியில் பைப்போடு அரிசியும் மசாலாவும் பாத்திரமும் போகும். காரில் போகிறவர்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஆனாலும் இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று இருப்பது நல்லது. லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாமல் நிற்கும். அவல், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி இருந்தால் அடுப்பே இல்லாமலும் ஒரு வேளையை ஓட்டிவிடலாம்.

பெட்ரோலுக்கு லாஹௌலில் உள்ள தாந்தி பங்க்கில் டேங்கை நிரப்ப வேண்டும். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்ற அதன் பலகை பெயர்பெற்றது. கார்களுக்குப் பெரும்பாலும் முழு டேங்க் போதும், பைக்குகளுக்குத்தான் கேன் வேண்டும். சாலையின் குறுக்கே பனியாறு உருகி வரும் ஓடைகள் மதியத்தில் பெருகும். அவற்றைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

உடம்பையும் தயார்செய்ய வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் மலை நோய் வரலாம், இளமையும் ஜிம் உடம்பும் அதைத் தடுக்காது. 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ஏற்றம் விரைவாகிவிட்டது, உடல் பழகும் நேரம் குறைந்துவிட்டது. முதல் இரவைச் சுமார் 4,290 மீட்டரில் உள்ள சர்ச்சுவில் கழிக்காமல், தாழ்வான கீலாங்கிலோ ஜிஸ்பாவிலோ கழிப்பது நல்லது. லே சேர்ந்ததும் இரண்டு நாள் ஓய்வு வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் போடக் கூடாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வழியில் கிருஷ்ணகிரி, பெங்களூரு என்று சுற்றாமல், நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறி கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஹைதராபாத் பக்கம் கணிசமான தூரம் மிச்சமாகும். ஜூலையைத் தவிர்ப்பது உத்தமம். 2023 ஜூலை வெள்ளத்தில் மண்டி–மணாலி சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது.

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் எல்லாம் போனில் இருந்தாலும் காகித நகல் ஒரு செட் வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. குழுவில் இருவராவது வெவ்வேறு நிறுவனங்களின் போஸ்ட்பெய்டு எண் வைத்திருக்க வேண்டும்.

திரும்பியதும் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஏர் ஃபில்டரை மாற்றி, வீல் அலைன்மென்ட்டையும் சஸ்பென்ஷன் புஷ்களையும் பார்க்கக் கொடுக்க வேண்டும்.