மருந்து கேட்டால் காய்ச்சல் வருமா?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அதனால் சொந்தக்காரர் யாருக்கு மருந்துச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். நான் படிப்பதோ எலக்ட்ரிகல்! போன வருடம் உறவில் ஒரு அக்கா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "டி.பி. மாத்திரையில காய்ச்சல் விட்டுப் போச்சு. அப்புறம் எச்.ஐ.வி. மாத்திரையும் ஆரம்பிச்சாங்க. பத்து நாள்ல காய்ச்சல் திரும்பிடுச்சு, கழுத்துக் கட்டியும் பெருசாயிடுச்சு. மருந்து கேக்கலடி, நிறுத்திடப் போறேன்."

"நிறுத்தாதீங்கக்கா, முதல்ல டாக்டரப் பாருங்க" என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. பிறகுதான் தேடிப் படித்தேன்.

எச்.ஐ.வி. கிருமி ரத்தத்திலுள்ள சி.டி.4 அணுக்களை அழிக்கிறது. காவல்காரனே படுத்துவிட்டதால், டி.பி. கிருமி பரவியிருந்தாலும் உடம்பில் பெரிய சண்டை நடக்காது. எச்.ஐ.வி. மருந்து தொடங்கியதும் எதிர்ப்பு சக்தி திரும்புகிறது. இத்தனை நாள் விட்டுவைத்த கிருமிகளை, செத்த கிருமிகளின் மிச்சத்தைக்கூட, உடம்பு மும்முரமாகத் தாக்குகிறது. அந்தச் சண்டைதான் காய்ச்சலும் வீக்கமும். டாக்டர்கள் இதை 'ஐரிஸ்' என்கிறார்கள். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். சிலருக்கு டி.பி. இருப்பதே அப்போதுதான் தெரியவரும்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும் அல்லவா? அதற்காக மோட்டார் கெட்டுவிட்டது என்கிறோமா?

சி.டி.4 மிகக் குறைந்தவர்களுக்கும், இரண்டு சிகிச்சைக்கும் இடைவெளி குறைந்தவர்களுக்கும் ஐரிஸ் அதிகம். அப்படியானால் எச்.ஐ.வி. மருந்தைத் தள்ளிப் போடலாமே என்றுதான் நானும் நினைத்தேன். கம்போடியாவில் சி.டி.4 200-ம் அதற்குக் கீழும் இருந்த 661 நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். டி.பி. மருந்து தொடங்கி 2 வாரத்தில் எச்.ஐ.வி. மருந்து பெற்றவர்களுக்கு ஐரிஸ் அதிகம்தான். ஆனால் அந்த 332 பேரில் இறந்தவர்கள் 59. 8 வாரம் காத்திருந்த 329 பேரில் 90! மூளையுறையில் டி.பி. இருந்தால் மட்டும் கணக்கு வேறு. மண்டை ஓட்டுக்குள் வீக்கம் வந்தால் ஆபத்து என்பதால், அவர்களுக்குச் சில வாரம் பொறுத்தே தொடங்குகிறார்கள்.

வீக்கத்தைத் தணிக்க பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. கடையில் நாமே வாங்கிப் போடக் கூடாது. மருந்துக்கு அடங்காத டி.பி.யாக இருந்தாலும் இதே மாதிரிதான் காய்ச்சல் வரும். அதையும் வேறு கிருமிகளையும் டாக்டர் முதலில் பார்த்தாக வேண்டும்.

அக்காவுக்கு மறுபடி சளி எடுத்துப் பார்த்தார்கள், கட்டியிலும் ஊசி போட்டு எடுத்தார்கள். கட்டி வற்ற மூன்று மாதம் ஆனது. ஒருவேளை மாத்திரைகூட அவர் விடவில்லை. இப்போதும் சீட்டை என்னிடம்தான் நீட்டுகிறார்.