துருவ நட்சத்திரம் தாழ்ந்து நிற்கும் ஊர்

கேள்வி: 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி வாங்கப்போகிறேன். பார்க்கவும் படமெடுக்கவும் எந்த மவுண்ட் பொருந்தும்?
– வாசகர், தென்காசி

பதில்: பார்க்க மட்டும் என்றால் டாப்சோனியன் மவுண்ட் போதும், விலையும் குறைவு. படமெடுக்க, வானத்தோடு சேர்ந்து சுழலும் எக்குவடோரியல் மவுண்ட் வேண்டும். குழாய், கேமரா எல்லாம் சேர்ந்த எடை அதன் தாங்குதிறனில் பாதியைத் தாண்டாமல் பாருங்கள். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று நீளமான குழாயை உலுக்கிவிடும். சாரல் மேகமும் வழிவிடாது.

உங்கள் ஊருக்கே உரிய சிக்கல் வேறு. தென்காசியின் அட்சரேகை சுமார் 9 டிகிரி. மவுண்ட்டின் அச்சையும் அவ்வளவு தாழ்த்தித் துருவ நட்சத்திரத்தை நோக்க வைக்க வேண்டும். பல மவுண்ட்கள் அவ்வளவு இறங்காது. இறங்கினாலும் எதிரெடை முக்காலியின் காலில் இடிக்கும். இதை விசாரிக்காமல் பணம் கட்டவே கட்டாதீர்கள். முக்காலிக்கு மேல் ஒரு குட்டைத் தூண் பொருத்தினால் இடிப்பது பெரும்பாலும் தீரும்.

தயங்க வேண்டாம். 12½ டிகிரியில் உள்ள காவலூரில், 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் எக்குவடோரியல் மவுண்ட்டில்தான் நிற்கிறது.

முதலில் 60–80 மி.மீ. ரிஃப்ராக்டரில் படமெடுத்துப் பழகுங்கள். ஏப்ரல் நள்ளிரவில் தெற்கே ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து நன்றாக மேலேறி நிற்கும், அதிலிருந்து தொடங்கலாம்.