நாலாவது பெயர்

என் கணவர் 2016 ஜனவரியில் மாரடைப்பில் போனார். வயது 52. திருச்சியில் ஐந்தரை சென்ட் இடத்தில் அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு, கொஞ்சம் வைப்பு நிதி, ஒரு எல்ஐசி பாலிசி. இவ்வளவுதான் சொத்து. உயில் கிடையாது. "ஒரே வீடு, ரெண்டு பிள்ளைங்க, நமக்கு எதுக்கு உயில்?" என்பார். நானும் தலையாட்டினேன். உங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்துகொண்டிருக்கும்.

இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி, மின் இணைப்பு, கேஸ் புத்தகம் எல்லாம் நாலைந்து மாதத்தில் முடிந்தது. இதில் சொல்ல ஒன்றுமில்லை, அலைந்தால் நடந்துவிடும். சொத்து வரி ரசீதில் என் பெயர் வந்த அன்றே வீடு எனக்கு வந்துவிட்டதாக நம்பினேன். பாலிசியிலும் வங்கியிலும் நாமினி நான். அதுவே போதும் என்றிருந்தேன்.

வாரிசுச் சான்றிதழில் நாலு பெயர்கள். நான், மகன், மகள், நாலாவதாக என் மாமியார். அதைப் பார்த்தேன். படித்தேன். மடித்துக் கோப்பில் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை அந்த மடிப்புதான்.

அத்தை எட்டு வருடமாக எங்களோடுதான் இருந்தார். தன் மகன் போன பிறகு ஒரு நாள் சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "எனக்கு எதுக்கும்மா இந்த வீட்டுல பங்கு? எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு, போட்டுத் தந்துடறேன். நாளைக்கு எவனும் உன்னைக் கேள்வி கேக்கக் கூடாது." எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய்ப் பத்திரம் எழுதி வாங்குவதா? "அப்புறம் பாத்துக்கலாம் அத்தை" என்றேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை அவரே கேட்டார். இரண்டு முறையும் அதே பதிலைத்தான் சொன்னேன். 2018 ஆகஸ்டில் அவரும் போய்விட்டார்.

மறு வருடம் மகளின் மேல்படிப்புக்கு வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்டோம். வங்கியின் வக்கீல் வாரிசுச் சான்றிதழை எடுத்து நாலாவது பெயரில் விரலை வைத்தார். "இந்தம்மா எங்கே?" என்றார். இறந்துவிட்டார்கள் என்றேன். "அப்போ அவங்க வாரிசுங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும்."

கணக்கைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அவரைப் பெற்ற தாய் எல்லாருக்கும் சமபங்கு. தகப்பனார் இந்த முதல் வரிசையில் வரமாட்டார், தாய் வருவார். ஆக எங்கள் வீட்டில் அத்தைக்குக் காற்பங்கு. அத்தையும் உயில் எழுதாமல் போனதால் அந்தக் காற்பங்கு மூன்றாகப் பிரிந்தது: என் மூத்தாருக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, என் கணவருக்கு வரவேண்டியது என் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. பன்னிரண்டில் ஒரு பங்கு என் மூத்தாருடையது. அத்தையின் காற்பங்கில் எனக்கு ஒரு துளியும் இல்லை.

நாத்தனார் கேட்ட மறுநாளே வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. பஸ் காசைக்கூட அவரே போட்டுக்கொண்டார். மூத்தார் சந்தை விலை கேட்டார். வீடு அப்போது 84 லட்சம் போகும் என்று மதிப்பிட்டார்கள். அவர் பங்கு 7 லட்சம். சட்டப்படி அவர் கேட்டதில் தவறில்லை, நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெற்ற தாய்க்கு அந்த எட்டு வருடத்தில் ஒரு ரத்த அழுத்த மாத்திரை அட்டை வாங்கித் தந்தவரில்லை. அத்தையின் கண் ஆபரேஷனுக்கு நான் போன் செய்தபோது எடுக்கவுமில்லை. கணக்கென்று வந்ததும் காரில் வந்து இறங்கினார். என் நகையில் 11 பவுன் போயிற்று, மீதிக்கு வைப்பு நிதியை முறித்தேன். பேசி முடிக்கவே பத்து மாதம். மகளுக்கு அந்த வருட அட்மிஷன் கைநழுவியது.

என் கணவர் ஒரு வெள்ளைத்தாளில் "என் காலத்துக்குப் பின் வீடு என் மனைவிக்கு" என்று எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டிருந்தால் இத்தனையும் இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள், பின்னால் யாரும் போலி என்று சொல்வது கடினம். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும்; நாளைக்கு வழக்கென்று வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும்.

நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தைக் கையில் வாங்கும் ஆள், சொந்தக்காரர் அல்ல. எல்ஐசி பாலிசி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1983-லேயே இதைச் சொல்லிவிட்டது; 2015-ல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டபின் பாலிசியில் மட்டும், மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினி என்றால் நிலை வேறு. நான் தெரிந்துகொண்டது 2019-ல்.

பிள்ளைகள் தங்கள் பங்கை எனக்கு விடுதலை செய்து கொடுத்தார்கள். 2021-ல் நான் உயில் எழுதிப் பதிவு செய்தேன். இப்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் என்ன என்று மகன் கேட்டான். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு என்றான். உண்மைதான். நான் மறுத்துவிட்டேன். உயிலை நாளைக்கே மாற்றலாம்; செட்டில்மென்ட்டைக் கொடுத்தபின் நாமாக ரத்து செய்ய முடியாது. எழுதித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். 2007-ன் மூத்த குடிமக்கள் சட்டத்தில் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி நிற்க அதுதான் பிடிமானம். பிள்ளைமேல் நம்பிக்கை இல்லையா என்று உறவில் சிலர் கேட்டார்கள். நம்பிக்கை இருக்கிறது. அத்தைமேல் எனக்கிருந்ததைவிடப் பெரிய நம்பிக்கை எது? அதையும் காகிதத்தில் வைக்காததால்தானே இவ்வளவும்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகள் லிவிங் ட்ரஸ்ட் வைக்கச் சொன்னாள். அங்கே கோர்ட்டில் உயிலை நிரூபிக்கும் ப்ரொபேட் அலைச்சலைத் தவிர்க்க வீட்டை உயிரோடிருக்கும்போதே ட்ரஸ்ட் பெயருக்கு மாற்றிவிடுகிறார்களாம். இங்கேயும் 1882-ன் சட்டப்படி குடும்ப ட்ரஸ்ட் வைக்கலாம். வீட்டை அதற்குள் கொண்டுபோகப் பதிவு, முத்திரைத் தீர்வை, வருடா வருடம் கணக்கு எல்லாம் உண்டு. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை இருந்தால் கட்டாயம் யோசியுங்கள். நம்மைப் போல ஒரு வீடு உள்ளவர்களுக்கு உயில் போதும்.

கணவரை இழந்து, மாமியார் உயிரோடிருக்கும் வீட்டில் இதைப் படிப்பவருக்கு ஒன்று. கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். அவராக வாய்திறந்தால் அந்த வாரமே முடியுங்கள். நடக்க முடியாதவர் என்றால் மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் பதிவு அலுவலரே வீட்டுக்கு வந்து பதிவார், பதிவுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. எனக்கு இது அப்போது தெரியாது. அத்தைக்கு அந்தத் தேவைகூட இருக்கவில்லை. கடைசி மாதம்வரை தானாக நடந்து கோயிலுக்குப் போய் வந்தவர். எங்கள் வீட்டிலிருந்து சார்பதிவாளர் அலுவலகம் ஆட்டோவில் பத்து நிமிடம்.