குட்டியானை வாங்கப்போகும் தம்பிக்கு

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் மாவு அரைத்துக் கொடுத்தோ இலைக்கட்டு விற்றோ பிழைக்க வரும் நம் பையன்கள், இரண்டாம் வருஷம் தவறாமல் வந்து நிற்பார்கள்: “அண்ணாச்சி, பழைய வண்டி ஒண்ணு பாத்துச் சொல்லுங்க.” ஊரில் நாம் குட்டியானை என்பதை இங்கே ‘சோட்டோ ஹாத்தி’ என்கிறார்கள். 2005இல் வந்த டாடா ஏஸ்தான். கூடவே வந்து பார்க்க முழங்கால் இப்போது விடுவதில்லை. எழுதித் தந்துவிடுகிறேன்.

1. வண்டியைப் பார்க்குமுன் ஆர்.சி.யில் பதிவுத் தேதியைப் பார். 15 வருஷம் தாண்டிய வாடகை, சரக்கு வண்டிகள் கொல்கத்தா பெருநகரப் பகுதியில் ஓடக்கூடாது என்று ஹைகோர்ட் 2008இல் உத்தரவு போட்டது. 2009 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. 12 வருஷ வண்டி சல்லிசாக வந்தால், கேட்கும் விலையை 36 மாதத்தால் வகு. அந்தக் காசுக்கு மாத வாடகைக்கே வண்டி கிடைக்குமா என்றும் விசாரி.

2. எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. அது முடியப்போகிற நேரத்தில்தான் பலர் விற்பார்கள். டயர், டிங்கரிங், பெயிண்ட் செலவை விலையில் கழி.

3. இந்த ஊரில் இன்ஜினுக்கு முந்தித் தண்ணீரைத்தான் தேடவேண்டும். 2020 மே மாத அம்பான் புயலில், 2025 செப்டம்பர் 23 மழையில் தெருவோடு முங்கி நின்ற வண்டிகளெல்லாம் எங்கே போயிருக்கும் என்கிறாய்? துடைத்து, சீட் கவர் மாட்டி, விற்பனைக்குத்தான். சுருள் சீட் பெல்ட் இருந்தால் கடைசிவரை இழு. உள்ளே சுருண்டிருந்த பகுதியில் டீக்கறை மாதிரி கோடு தெரிந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. ஏஸுக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, ஒயர் கனெக்டர் ஒன்றைக் கழற்று. பச்சை பூத்திருந்தால் டீ கூடக் குடிக்காமல் கிளம்பு. ஃபியூஸ் பாக்ஸ் மூலையில் காய்ந்த சேறு இருக்கிறதா என்றும் விரலை விட்டுப் பார். உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்; சரக்கு வண்டி என்றால் பீடி நாற்றம் அடிக்கவேண்டாமா?

4. மீன் ஏற்றிய வண்டி வேண்டாம். திகாவிலிருந்து கடல்மீன் வரும்போது ஐஸ் உருகி, உப்புத்தண்ணீர் வழியெல்லாம் சேஸிஸில் சொட்டும். அதன்மேல் கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டு, “ஷுது சப்ஜி, தாதா” என்பார்கள். வெறும் காய்கறிதானாம்! பாடியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு ஐந்து நிமிஷம் நில், மூக்கு சொல்லிவிடும். பின் சக்கரத்துக்கு மேலே சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டு. ‘டங்’ என்று கேட்கவேண்டும். ‘தொப்’ என்றால் உள்ளே துரு.

5. காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போ. உனக்காகச் சூடேற்றி வைத்திருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று சொல். ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திற. பேக் கம்ப்ரெஷன் குப்குப்பென்று அடித்தால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது. மாருதி சூப்பர் கேரியும் கண்ணில் படும். 2016இல் அதை முதலில் இறக்கிய மூன்று ஊர்களில் கொல்கத்தாவும் ஒன்று. டீசலை 2020இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே மல்லிக் பஜாரில் உதிரிக்கு விலை கேட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசு.

6. பழைய ஏஸுக்குக் கணக்கு 750 கிலோ. ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் செருகியிருந்தால் அது எவ்வளவு சுமந்திருக்கும் என்று நீயே யோசி.

7. லைசன்ஸ் கவலை வேண்டாம். கார் லைசன்ஸே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

8. ‘ஓப்பன் பேப்பர்’ வண்டியைத் தொடாதே. என் முதல் வண்டியை விற்றபோது, பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வெற்றாகக் கையெழுத்துப் போட்டு ஒரு தலாலிடம் கொடுத்தேன். அது நாலு கை மாறி எங்கேயோ மோதியது. சம்மன் என் வீட்டுக்கு வந்தது. பதிவில் யார் பெயரோ அவரே பொறுப்பு என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. வாங்குகிற உனக்கும் வில்லங்கம் உண்டு: பெயர் மாறாத வண்டி அடிபட்டால் இன்சூரன்ஸ்காரர் கை விரிப்பார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்றக் கேள். கடன் வண்டியென்றால் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட ஃபார்ம் 35 வேண்டும். விற்பவர் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எதைச் சொன்னாலும், கடைசிப் பத்தாயிரம் உன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். உன் பெயர் போட்ட ஆர்.சி. கைக்கு வந்த அன்று கொடு.