எண்களுக்குப் பின்னே இருப்பவை

கடை உணவுப் பொட்டலங்களில் எண்களைக் கண்டவுடன் நஞ்சென்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். எண் என்பது பெயரின் சுருக்கமே. 100 என்பது மஞ்சளின் நிறப்பொருள். 300 வைட்டமின் 'சி'. 406 கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர். உப்பில் அயோடின் சேர்ப்பது கழுத்துக் கழலையைத் தடுக்கிறது, இது நன்மையன்றோ! தீயவையும் உண்டு. ரொட்டி மாவில் கலந்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை நம் நாடு 2016-இல் தடை செய்தது.

ஆயினும் சிராவகர்களாகிய நாம் உடல்நலத்தோடு நின்றுவிட இயலாது. 120 என்னும் சிவப்புச் சாயம் கோச்சினீல் பூச்சிகளை உலர்த்தி அரைத்துப் பெறுவது. ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்புகளிலிருந்து வருவது. இவை சேர்ந்த பண்டத்திற்குப் பச்சைப் புள்ளி கிடையாது. அதனால் புள்ளியைக் கண்டதும் நாம் அமைதியடைகிறோம். ஆனால், 2020-ஆம் ஆண்டு விதிகள் தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றை அசைவக் கணக்கில் சேர்க்கவில்லை. மிட்டாய்க்குப் பளபளப்பூட்டும் 901 தேன்மெழுகு. 904 அரக்குப் பூச்சியின் சுரப்பு. இரண்டும் பச்சைப் புள்ளியுடனேயே நம் பிள்ளைகள் கைக்கு வரலாம். தேனை விலக்கிய இல்லங்களுக்கு இது சிறிய செய்தியன்று. ஆதலின் புள்ளியோடு எண்ணையும் படித்தல் வேண்டும். எழுத்து கடுகினும் சிறிது, மூக்குக்கண்ணாடி தேவைப்படும்!

471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். பச்சைப் புள்ளி வழங்காத அயல்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் அதன் மூலத்தை நிறுவனத்துக்கே எழுதிக் கேட்கலாம்.